மருந்துக்குக் கேட்காத கொசு

சென்ற ஐப்பசியில் பாபநாசம் பக்கத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தாளடி நடவு முடிந்து, கண்ணுக்கு எட்டிய வரை வயல்களில் தண்ணீர் நின்றது. கைத்தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த சித்தப்பா, “இலைச்சுருட்டுப் புழுவுக்கு இந்த மருந்து இப்போது கேட்கவே இல்லை, தம்பி” என்றார். சற்று நேரத்தில் உள்ளே இருந்து சித்தி கொசுவத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தார். “இதற்கும் கொசு கேட்கமாட்டேன் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காய்கிறது” என்றார்.

ஒரே வீட்டில் ஒரே மாலையில் இரண்டு புகார். பூச்சிமருந்துப் புட்டியையும் கொசுவத்தி அட்டையையும் வாங்கி, பொடி எழுத்துகளைப் படித்தேன். புட்டியில் லாம்ப்டா சைஹாலோத்ரின். அட்டையில் அல்லெத்ரின் வகை. கூடத்தில் மின்பலகையில் செருகியிருந்த திரவக் குப்பியில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின். மூன்றும் பைரெத்ராய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். தெருவில் புகையடிக்கும்போதும் பல ஊர்களில் இதே குடும்பத்துச் சைஃபெனோத்ரினையோ டெல்டாமெத்ரினையோதான் டீசலில் கலக்கிறார்கள். பெயர் ‘த்ரின்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். (தஞ்சை விவசாயிகளுக்கு நினைவிருக்கும் பழைய எண்ட்ரின் இதில் சேராது. அது வேறு வகை, இதைவிடக் கொடிய நஞ்சு.)

கடையில் நான்கு பெயர், நான்கு விலை, நான்கு டப்பா. கொசுவின் உடம்புக்குள் நான்கும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு. காவிரிப் படுகையில் கொசு மருந்து ஏன் தோற்கிறது என்பதைப் பேச இங்கேதான் தொடங்க வேண்டும்.

“கொசு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று எல்லோரும் சொல்கிறோம். பேச்சுக்குச் சரி, நடப்பது அதுவல்ல. குடிகாரனுக்குச் சாராயம் பழகுவது போல எந்தக் கொசுவும் பழகுவதில்லை. மருந்து பட்டால் சாகும் கொசு சாகிறது. ஆயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோ பிறவியிலேயே சற்று மாறுபட்ட உடற்கூறு உடையதாக இருக்கும். மருந்து வருவதற்கு முன் அந்த மாறுபாட்டால் அதற்கு ஒரு பயனும் இல்லை, சில சமயம் நட்டம்கூட. மருந்து வந்தபின் கூட்டத்தில் மிஞ்சுவது அதுதான், முட்டையிடுவதும் அதுதான். விதை நெல்லுக்கு விட்ட வயலில் இறங்கிக் கலவன் பயிரைத் தேடித் தேடிப் பிடுங்குவோம் அல்லவா? சில பருவங்களில் வயல் முழுக்க ஒரே ரகமாகிவிடும். கொசுக் கூட்டத்தில் நாம் செய்துகொண்டிருப்பதும் அதுவே. மருந்துக்குச் சாகிறவற்றைக் கலவன் போலப் பிடுங்கி, சாகாத ரகத்தை விதைக்கு விடுகிறோம். குறுவை நெல் 110 நாளில் அறுவடைக்கு வரும். அதற்குள் கொசு எட்டு, பத்துத் தலைமுறை கண்டுவிடும்.

படுகையில் கொசு என்று பொதுவாகச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. கும்பகோணத்துச் சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் யானைக்கால் நோயைப் பரப்பியது. அந்த ஊருக்கு வெற்றிலையோடும் காப்பியோடும் யானைக்காலும் ஓர் அடையாளமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் மேல்ரத்தத்துக்கு வரும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ் மாட்டைத்தான் அதிகம் நாடும். மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொக்கு, நாரை, பன்றியிடமிருந்து எடுத்து எப்போதாவது மனிதனுக்குத் தரும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி நம் வீட்டுப் பிராணி. சிமெண்ட் தொட்டி, டிரம், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என நல்ல தண்ணீராகத் தேடும், பகலில் கடிக்கும். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மலேரியாவுக்கு. இவை வெவ்வேறு வகை. ஒன்றின் மருந்தெதிர்ப்பு மற்றொன்றுக்கு ஒட்டாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தான் வாழும் இடத்தில் எந்த மருந்து விழுந்ததோ அதற்கேற்பத் தேறியிருக்கிறது.

எப்படித் தேறுகிறது என்பது சுவையான கதை. கொசுவின் நரம்பில் செய்தி ஓடுவதற்கு மிகச் சிறிய மதகுகள் உண்டு. மதகு திறந்தால் சோடியம் உள்ளே பாயும், உடனே மூடிக்கொள்ளும். இப்படித் திறந்து மூடுவதுதான் நரம்பின் துடிப்பு. பைரெத்ராய்டு அந்த மதகில் ஆப்பு போல இறங்கி மூடவிடாமல் செய்கிறது. வெள்ளம் நிற்காமல் பாய, கொசு துடித்து, கால் பரப்பி விழுகிறது. டி.டி.டி.யும் இதே மதகில், ஏறத்தாழ இதே முறையில்தான் ஆப்பு வைக்கும். மதகின் புரதச் சங்கிலியில் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அது ஃபினைல்அலனின் ஆக மாறிவிட்டால் மதகு வேலை செய்யும். ஆப்பு மட்டும் சரியாகப் பொருந்தாது. அவ்வளவுதான் மாற்றம். அனோபிலிஸிலும் கியூலெக்ஸிலும் தனித்தனியே இந்த மாற்றம் தோன்றியிருக்கிறது. இந்தியக் கொசுக்களிலும் கண்டிருக்கிறார்கள்.

ஒரே மதகு என்பதால் விளைந்த வினையைப் பாருங்கள். டி.டி.டி.யைத் தாங்கப் பழைய தலைமுறைக் கொசுக்கள் பெற்ற மாற்றம், பின்னால் வந்த பைரெத்ராய்டுக்கும் பாதிக் கவசமாக நின்றது. புது மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே அதற்கான பதில் கொசுவிடம் இருந்தது.

இரண்டாவது வழி, நஞ்சை உடம்புக்குள்ளேயே செரித்துவிடுவது. நம் கல்லீரலில் இருப்பது போன்ற நொதிகள் கொசுவுக்கும் உண்டு. கியூலெக்ஸ் இதில் கெட்டிக்காரி. மாலத்தியான், டெமிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளைப் பிடித்துக் கட்டிப்போடும் எஸ்டரேஸ் என்ற நொதிக்கான மரபணுவை அது ஒன்றுக்குப் பலவாகப் படியெடுத்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் எடுத்து வளர்த்த ஒரு கியூலெக்ஸ் ரகத்தில் அந்த மரபணு 250 பிரதிகள் வரை பெருகியிருந்ததை 1986இல் கண்டார்கள். இன்னொரு வகை எஸ்டரேஸ் பெருக்கம் ஏதோ ஓரிடத்தில் ஒரே ஒரு முறை தோன்றி, கப்பலிலும் விமானத்திலும் ஏறிக் கண்டங்கள் தாண்டிப் பரவியது என்பது 1991இல் தெரியவந்தது. நம் சாக்கடைக் கொசுவின் மருந்தெதிர்ப்பு நம் சாக்கடையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பைரெத்ராய்டைச் செரிப்பது பி450 என்ற வேறு நொதிக் கூட்டம். இதை முடக்க பைபரோனில் பியூடாக்சைடு என்ற துணைப்பொருளை மருந்தோடு சேர்க்கிறார்கள். அது கொசுவைக் கொல்லாது, நொதியின் கையைக் கட்டிவிடும். இந்த யோசனையின் வேர் நல்லெண்ணெய். எள்ளெண்ணெய் சேர்த்தால் பைரெத்ரம் என்ற பூ மருந்து கூடுதல் வீரியம் காட்டுகிறது என்று 1940 வாக்கில் கண்டார்கள். எண்ணெயிலுள்ள செசமின் போன்ற பொருள்களின் வேலை அது. சம்பா அறுத்த வயலில் எள் தெளிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

இவை போக, தோல் தடித்து மருந்து உள்ளே இறங்காத கொசு உண்டு. மருந்தடித்த சுவரில் உட்காராமல் கடித்த கையோடு வெளியே பறந்துவிடும் கொசுவும் உண்டு. ஒரே கொசுவில் இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்திருப்பதும் புதிதல்ல.

கொசு ஒழிப்பு வரலாற்றில் படுகைக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. நம்மில் பலர் அறியாதது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதையொட்டிக் கல்லணைக் கால்வாய், நம் மக்கள் வழக்கில் புது ஆறு, வெட்டப்பட்டுப் பட்டுக்கோட்டை வரை தண்ணீர் போனது. தண்ணீரோடு மலேரியாவும் போனது. ராக்கெஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே ஆய்வு நடத்தினார். கசிவு, வடியாத பள்ளம், ஒழுங்கற்ற பாசனம் ஆகியவைதான் மலேரியாவை வளர்க்கின்றன என்பது அவர் கண்டது. அவரும் பூச்சியியலாளர் டி. ராமச்சந்திர ராவும் சேர்ந்து இன்னொன்றையும் கவனித்தார்கள். கிராமப்புறத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் நடவு முடிந்த இளவயலில் முட்டையிடுகிறது. பயிர் ஒரு அடி உயர்ந்ததும் நிறுத்திவிடுகிறது. காரணம் பயிரின் நிழலா, வாசமா என்று பார்க்க, உயிரற்ற குச்சிகளைத் தண்ணீரில் நெருக்கமாக நட்டுப் பார்த்தார்கள். குச்சி நட்ட இடத்திலும் கொசு முட்டையிடவில்லை. முட்டையிடும்போது அது நீர்ப்பரப்பின் மேல் பறந்து ஆடுகிறது. ஆட இடமில்லாவிட்டால் போய்விடுகிறது. மருந்து ஒரு சொட்டும் இல்லாமல் கொசுவைப் பற்றி இவ்வளவு அறிந்த மண் இது.

அதே காலத்தில் ரஸ்ஸல் குழுவினர் வீடுகளுக்குள் பைரெத்ரம் தெளித்து மலேரியாவைக் குறைக்கும் சோதனையையும் செய்தார்கள். சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரம்தான் இன்றைய பைரெத்ராய்டுகளின் பாட்டி. வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருந்தது. சிதையாத மருந்துக்கு உலகம் ஏங்கிக்கொண்டிருந்தபோது டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிக்கொல்லும் குணத்தை 1939இல் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு. அதற்குள், 1946இல் ஸ்வீடனில் வீட்டு ஈயும் 1947இல் இத்தாலியில் கொசுவும் டி.டி.டி.க்குச் சாகாமல் இருந்ததைப் பார்த்தாகிவிட்டது. பரிசு மேடைக்கு முன்பே தோல்வி தொடங்கிவிட்டது என்று சொன்னால் மிகை. எச்சரிக்கை வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்தியாவில் 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு நோய் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1960களின் நடுவில் அது 1 லட்சம் அளவுக்கு இறங்கியது. 1959இலேயே குஜராத்தில் டி.டி.டி.க்குச் சாகாத குலிசிஃபேசிஸ் கண்ணில் பட்டிருந்தது. 1976இல் நோயாளிகள் 64 லட்சம். மருந்துத் தட்டுப்பாடு, மெத்தனம் எனக் காரணங்கள் பல. கொசுவின் எதிர்ப்பு அவற்றில் முக்கியமான ஒன்று. டி.டி.டி.யை வயலில் பயன்படுத்த 1989இல்தான் தடை வந்தது. அதாவது சுவரில் ஒரு கை அளந்து தெளித்துக்கொண்டிருக்க, வயலில் இன்னொரு கை அளக்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் வாதம். கொசு ஒழிப்பு என்றதும் நகராட்சியின் புகை இயந்திரத்தைப் பார்த்துப் பேசுகிறோம். படுகையில் கொசுவுக்குத் தேர்வு வைப்பது முதன்மையாக அது இல்லை. 1960இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ‘பாக்கேஜ் திட்டம்’ என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். விதை, உரம், கடன், கூடவே பூச்சிமருந்து. அன்று முதல் வயலில் நிற்கும் தண்ணீரிலும் அது வடியும் வாய்க்காலிலும் பூச்சிமருந்து நீர்த்து, நீர்த்துக் கலந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கொசுப்புழு வளர்கிறது. கொல்லும் அளவுக்குக் கீழே, ஆனால் பலவீனமானதைக் கழிக்கும் அளவுக்கு மேலே இருக்கும் அந்த நீர்த்த நஞ்சு, எதிர்ப்பை வளர்க்க ஏற்ற நாற்றங்கால். போதாக்குறைக்கு, தெளித்த மருந்து தட்டான் புழுவையும் நீர்வண்டையும் கொல்கிறது. கொசுப்புழுவைத் தின்பவை அவை. பத்து நாளில் கொசு திரும்பிவிடும், தட்டானுக்கு மாதங்கள் ஆகும். பைரெத்ராய்டு அடித்த பின் புகையான் என்ற தத்துப்பூச்சி முன்னைவிடக் கூடுதலாகக் கிளம்புவதை நெல் விவசாயிகள் அறிவார்கள். அதே கணக்கு இங்கும் நடக்கிறது.

இரண்டாவது தேர்வுக்கூடம் நம் படுக்கையறை. இரவெல்லாம் எரியும் குப்பி கொசுவைக் கொல்வதைவிட விரட்டவும் மயக்கவுமே செய்கிறது. சன்னல் திறந்திருக்க, காற்றில் ஓடும் அரைகுறை மருந்தில் விழாத கொசு எதுவோ அது அடுத்த நாள் முட்டையிடுகிறது.

இவற்றுக்குப் பிறகுதான் புகை வண்டி. அதைப் பார்த்தால் மக்களுக்கு ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி, நகராட்சி உறுப்பினருக்குப் புகைப்படம். வெளியே பறக்கும் கொசுவை மட்டும், அதுவும் சொட்டு அதன் மேல் பட்டால் மட்டும் கொல்லும் முறை அது. பகலில் கடித்துவிட்டு அலமாரி இடுக்கில் தூங்கும் ஈடிஸைத் தெருவில் மாலை அடிக்கும் புகை என்ன செய்யும்? ஆகவே புகையடித்தும் கொசு சாகவில்லை என்றால் எல்லாவற்றையும் மருந்தெதிர்ப்பின் தலையில் கட்டிவிட வேண்டாம். காற்று, நேரம், சொட்டின் பருமன், கலவையின் அளவு இவற்றில் எது தவறினாலும் கொசு தப்பும்.

எது எதிர்ப்பு, எது கைக்குறை என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள பெண் கொசுக்களை 25 போலக் குழாய்க்குள் விட்டு, மருந்தில் தோய்த்த தாள் ஒன்றோடு ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுகிறார்கள். 98 விழுக்காடோ அதற்கு மேலோ செத்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டால் மறுபடி சோதிக்க வேண்டும். தாளில் உள்ள மருந்து, எதிர்ப்பற்ற கொசுக்களில் 99 விழுக்காட்டைக் கொல்லும் அளவைப் போல இரு மடங்கு. ஆக, அதில் பத்தில் ஒன்று பிழைத்தாலே விஷயம் பெரிது. அதிகச் செலவில்லாத சோதனை இது. செய்யப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். புகை அடிப்பதற்கு முன் இதைச் செய்வதில்தான் நாம் பின்தங்குகிறோம் என்பது என் எண்ணம்.

மாற்று என்ன? முதலில் ஒரு முரணைச் சொல்ல வேண்டும். யானைக்காலை அடக்கியதில் பெரும்பங்கு கொசு மருந்துக்கு இல்லை. ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் கொடுத்த டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளுக்குத்தான். கும்பகோணத்தில் கொசு குறையவில்லை. அது எடுத்துச் செல்ல மனித ரத்தத்தில் புழு குறைந்தது. டெங்குவுக்கு அப்படி ஒரு மாத்திரை கிடையாது.

கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியங்களில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் நல்ல பெயர் எடுத்தது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையில் கிடைத்தது. 1975இல் தொடங்கிய புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையமும் தனக்கென ஓர் இனத்தைப் பிரித்து வளர்த்திருக்கிறது. அதன் நஞ்சு நான்கைந்து புரதங்களின் கூட்டு. ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று கண்டுபிடிக்கக் கொசுவால் எளிதில் முடிவதில்லை. அதன் தங்கையான பேசில்லஸ் ஸ்ஃபேரிகஸ் கதை வேறு. சாக்கடை நீரில் நன்றாக வேலை செய்யும் அது, ஒற்றைக் கதவைத் தட்டும் நஞ்சு. கொச்சியில் தொடர்ந்து பயன்படுத்தியதில் கியூலெக்ஸ் அதற்கு மிகுந்த எதிர்ப்பைப் பெற்றதை 1995இல் பதிவு செய்தார்கள். இயற்கை மருந்து என்றால் கொசு கேட்டே தீரும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மருந்துகளைச் சுழற்சியில் மாற்றுவதும் ஒரு வழி. எதிர்ப்புள்ள கொசு பல சமயம் அந்த எதிர்ப்புக்கு விலை கொடுக்கிறது. நூறு பிரதி நொதி செய்யும் உடம்பு முட்டைக்குச் செலவிட வேண்டியதை அதில் செலவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் சாதாரணக் கொசு மெல்ல மேலேறி வரும். ஆனால் சுழற்சி பலிக்க வேண்டுமானால் சுகாதாரத் துறையின் அட்டவணையும் வயலின் அட்டவணையும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். நகராட்சி இந்த ஆண்டு பைரெத்ராய்டை நிறுத்தி வைத்திருக்க, ஊரைச் சுற்றிய வயலில் அது வாரம் தவறாமல் விழுந்தால் யாருக்கு ஓய்வு?

கொசுவையே மாற்றும் முயற்சியும் நடக்கிறது. வோல்பேக்கியா என்ற பாக்டீரியம் புகுந்த ஈடிஸின் உடலில் டெங்குக் கிருமி சரியாகப் பெருகாது. புதுச்சேரி மையம் உள்ளூர் ஈடிஸில் இதைப் புகுத்திய இனங்களை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தது.

நெல் வயலுக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்றே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் கட்டி, அது வற்றித் தரை தெரிந்த பின் மீண்டும் பாய்ச்சுவது. கொசுப்புழு கொசுவாக ஏழு, எட்டு நாளாவது தண்ணீர் வேண்டும். இடையில் வயல் காய்ந்தால் புழு செத்துவிடும். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் 1990களில் தென்னகத்து நெல் வயல்களில் இதைச் சோதித்தது. வேப்பம் பிண்ணாக்கை யூரியாவோடு சேர்த்து இட்டும் புழு குறைவதைக் கண்டது. வயல் காய்ச்சலால் மனிதக் காய்ச்சல் குறையும் என்று மொழியே முன்கூட்டிச் சொல்லி வைத்தது போல எனக்குத் தோன்றும்.

திண்ணையில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். சித்தப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “நீ சொல்கிற காய்ச்சல் குறுவைக்குச் சரி. இப்போது ஐப்பசி. மேலே வானம், கீழே வடிகால் அடைத்துக் கிடக்கிறது. வற்றவிட என் வயலில் மடை என் கையில் இருக்கிறதா?” என்றார். “ஆற்றில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். இன்று வற்றவிட்டு அடுத்த முறை தண்ணீர் தவறினால் பயிர் போச்சு. கடைமடைக்காரன் எவனும் கட்டின தண்ணீரை விடமாட்டான்.”

என்னிடம் பதில் இல்லை. சித்தி உள்ளேயிருந்து வந்து, முற்றத்தில் நிறைந்திருந்த ஆட்டுக்கல் குழியை விளக்குமாற்றால் தள்ளி வற்றவைத்துவிட்டுப் போனார்.